வாசலுக்கு வெளியே ஒரு கட்டில்

ராஜவேல் எங்கே சாக வேண்டும் என்பதை மங்கம்மா மாசி மாதமே முடிவு செய்துவிட்டாள். வீட்டுக்குள் கூடாது. வாசலைத் தாண்டி, சுவரை ஒட்டாமல், வேலிக்காத்தான் நிழல் விழுகிற இடத்தில்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கம்மா" என்று சொன்னாள். திரும்பி வரும் பஸ்ஸில் புருஷன் அவள் தோளில் சாய்ந்து தூங்கினான். அவன் நெஞ்சுக்குள் ஏதோ சலசலத்துக்கொண்டே வந்தது. மங்கம்மா அவனைப் பற்றி யோசிக்கவில்லை. வீட்டைப் பற்றித்தான் யோசித்தாள். கோட்டக்குப்பம் தாண்டும்போது அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு அதுவும் இல்லை.

மரக்காணத்தில் இறங்கியதும் நேராக இப்ராஹீம் பாய் கடைக்குப் போனாள். உப்பளத்து ஆட்கள் அரிசியும் பீடியும் வாங்குகிற கடை. அதன் பின்பக்கம் ஒரு கயிற்றுக் கட்டில் மழையிலும் வெயிலிலும் கிடப்பதை அவள் பார்த்திருந்தாள்.

"எதுக்கும்மா கட்டிலு? உனக்குத்தான் கவர்மெண்டு டைல்ஸ் போட்டு வீடு குடுத்திருக்குதே."

"வெளிய போடறதுக்கு பாய். அவருக்கு."

"நோயாளி மனுஷன வெளியிலயா போடுவ?"

"உள்ள செத்துட்டாருன்னா நாங்க வூட்ட வுட்டுப் போவணும் பாய்."

பாய் அவளையும், கடை வாசலில் குந்தியிருந்த ராஜவேலையும் மாறி மாறிப் பார்த்தார். "யா அல்லா. மௌத்து வர்ற எடத்த நாமளா தீர்மானிக்கிறது? சரி, தூக்கிட்டுப் போ. ஒரு பக்கம் கயிறு நைஞ்சு போயிருக்கு, பாத்து."

மங்கம்மா கட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ராஜவேல் நின்று நின்று பின்னால் வந்தான்.

அவர்கள் இருளர்கள். அவர்கள் கூட்டத்தில் சாவு விழுந்த வீட்டில் யாரும் தொடர்ந்து இருப்பதில்லை. மூன்றாம் நாள் கூரையிலிருந்து ஒரு பிடி ஓலையை உருவித் தெற்கே எறிந்துவிட்டு, சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போய்விடுவார்கள். இதில் பயம் ஒன்றும் கிடையாது. செத்தவர் ஒருநாள் வீட்டைத் தேடிக்கொண்டு வருவார். வந்து பார்த்தால் அடுப்பு அணைந்திருக்க வேண்டும், ஆள் இருக்கக் கூடாது. அப்போதுதான் தான் செத்துவிட்டது அவருக்குப் புரியும். புரிந்ததும் போய்விடுவார். வீட்டில் ஆள் நடமாடினால், சோறு வெந்தால், தான் இன்னும் இருப்பதாக நினைத்து உட்கார்ந்துவிடுவார். வாய்விட்டு ஒரு மனுஷனிடம் எப்படிச் சொல்வது, நீ செத்துவிட்டாய் என்று? அதற்குப் பதிலாகத்தான் வீட்டைக் காலி செய்து கொடுப்பது.

பனை ஓலையும் நாலு கம்பும் கிடைத்தால் ஒரு குடிசை அரை நாள் வேலை. அப்படிப்பட்ட வீட்டை விட்டுப் போவது பெரிய விஷயமில்லை. மங்கம்மா அப்பனைப் பறிகொடுத்தபோது அவர்கள் அப்படித்தான் போனார்கள். பெருமுக்கல் மலைக்கு இந்தப் பக்கம், புதர்க்காட்டு ஓரம் அவள் பிறந்த குடிசை. அப்பன் பாம்பு பிடித்துத் தோல் விற்றவன். பாம்பைத் தொட்டால் ஜெயில் என்று சட்டம் வந்தபோது மங்கம்மா தவழும் பிள்ளை. அப்பன் விறகு வெட்டப் போனான். காடு சர்க்காருடையது என்று பிடித்துக் கட்டி வைத்தார்கள். அதற்குப் பிறகு அவன் எலி வளை தோண்டினான், வயலுக்குக் காவல் இருந்தான், வயல்காரர் கோழி காணாமல் போனபோதெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்தான். செத்த அன்று அவனிடம் இருந்தது ஒரு கடப்பாரை. அதை மகள் எடுத்துக்கொண்டாள்.

பிறகு அம்மாவும் அவளும் கிளியனூர் பக்கம் ஒரு ரைஸ் மில்லுக்குப் போனார்கள். வாங்கிய முன்பணம் கழியும்வரை வெளியே போகக் கூடாது. நெல் அவிக்கிற களத்துக்குப் பின்னால் வரிசையாக அறைகள். ராத்திரி வெளியிலிருந்து பூட்டுவார்கள். ராஜவேலும் அவன் தம்பி எட்டியப்பனும் அடுத்த அறையில் இருந்தார்கள். அங்கேதான் அவளுக்கும் ராஜவேலுக்கும் கல்யாணம் நடந்தது. மில்காரர் ஒரு பொழுது லீவு கொடுத்தார்.

அந்த அறையில் அம்மா செத்தாள். மூன்றாம் நாள் மங்கம்மா பானையைத் தூக்கிக்கொண்டு களத்தில் நின்றாள். மேஸ்திரி, "எங்க பொறப்பட்ட?" என்றான். அவள் சொன்னாள். அவன் சிரித்தான். அந்த வருஷம் முழுக்க அவள் அம்மா செத்த அறையிலேயே படுத்தாள். கதவு பூட்டியிருக்க, அம்மா அந்த மூலையில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பாள்.

ஒருநாள் ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். எல்லோரையும் விடுதலை செய்துவிட்டதாகச் சொன்னார்கள். வேனில் ஏற்றி இன்னொரு தாலுகாவில் ஒரு ஏரிக்கரையில் இறக்கிவிட்டு, இதுதான் உங்கள் மறுவாழ்வு என்றார்கள். மகள் செந்தமிழ் அந்த ஏரிக்கரையில்தான் பிறந்தாள். பெயர் வைத்தது அந்த வேன் டிரைவர். அவள் நடை பழகும்போது வேறு அதிகாரிகள் வந்து ஏரிக்கரை ஆக்கிரமிப்பு என்றார்கள். பொக்லைன் வந்தது. "போன தடவ வந்த சாருங்கதான் இங்க இறக்கிவுட்டாங்க" என்றான் ராஜவேல். "அது வேற டிபார்ட்மெண்டு" என்று பதில் வந்தது.

அதற்குப் பிறகுதான் மரக்காணம். சேட்டு என்கிறவரின் உப்பளத்தில் வேலை. பாத்தியில் இறங்கி உப்பு வாருவது, மெத்தை என்கிற மேட்டில் கொட்டுவது, வரப்பு மிதிப்பது. அளத்து மேட்டில் தார்ப்பாய்க் குடிசை. மகளுக்குக் கல்யாணம் ஆகி அவளுக்கும் ஒரு பெண் குழந்தை பிறந்தது வரைக்கும் எல்லாம் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழேதான்.

வீடு கட்டித் தருவதாக உத்தரவு வந்தபோது முதலில் ரோட்டோரம், ஊரை ஒட்டி இடம் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் கூடினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழி, இவர்கள் வந்தால் பாம்பு வரும் என்றார் ஒருவர்.

"பாம்பு இருக்கற எடத்துக்கு நாங்க போவோம்யா. நாங்க இருக்கற எடத்துக்கு அது எதுக்கு வருது, பொழைக்கத் தெரியாததா?" என்றான் ராஜவேல். அவன் பக்கத்து ஆட்கள் மட்டும் சிரித்தார்கள்.

சேட்டுதான் சமாதானமாகப் பேசினார். "எல்லாம் நம்ம ஜனங்கதாங்க. ரோட்டோரம் வேணாம்னுதான் சொல்றேன். அளத்துக்கு அந்தாண்ட இருந்தா அவங்களுக்கும் வேலைக்கு வரச் சௌகரியம், நமக்கும் வம்பில்ல." அதிகாரிகளுக்கும் அது பிடித்திருந்தது. மழைக்காலத்தில் கடல் தண்ணீர் ஏறிவந்து நிற்கிற கழுவெளிச் சேற்றை ஒட்டி, ஒரே வரிசையாக வீடுகள் எழும்பின; செந்தமிழுக்கும் எட்டியப்பனுக்கும் அதே வரிசையில் ஆளுக்கு ஒன்று. திறப்பு விழாவில் தேவநாதன் என்கிற ஓவர்சீயர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார்: பழங்குடி மக்களின் தனித்த வாழ்க்கை முறைக்கு இடையூறு நேராத வகையில் ஊரிலிருந்து விலகிய அமைதியான சூழலில் இக்குடியிருப்பு அமைக்கப்பட்டுள்ளது. எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கு மட்டும் குழாயில் தண்ணீர் வந்தது.

முதல் வருஷமே சுவரில் உப்புப் பூத்தது. தரையோரம் சிமெண்டு பொடிப்பொடியாக உதிர்ந்தது. செந்தமிழ் சலித்துக்கொள்வாள். மங்கம்மா துடைப்பத்தால் கூட்டி அள்ளி வெளியே கொட்டிவிட்டு வருவாள். அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. ஐம்பது வயதில் அவளுக்கு அதுதான் முதல் தாழ்ப்பாள். சும்மா இருக்கும்போது போட்டுப் போட்டு எடுப்பாள். இனி யார் சொன்னாலும் இந்த வீட்டை விட்டுப் போவதில்லை என்று அவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் தீர்மானித்திருந்தாள். சர்க்கார் சொன்னாலும் சரி, சாவு சொன்னாலும் சரி.

அதனால் கட்டில் வாசலுக்கு வெளியே விழுந்தது.

"ஏ மங்கா, என்னத் தொரத்திட்டு வூட்ட நீயே வச்சிக்கப் பாக்கற" என்றான் ராஜவேல், படுத்த முதல் நாள்.

"ஆமா. போற ஆளுக்கு எதுக்கு வூடு?"

"மழ வந்தா?"

"தார்ப்பாய் போடறேன்."

"நாய் வந்தா?"

"நாய்க்குக் கூடவா நீ வேணும்?"

அவன் சிரித்து, சிரிப்பு இருமலாகி, அவள் நெஞ்சைத் தடவிவிட்டாள். மூச்சு அடங்கியதும், "நீ செய்யறது சரிதான்" என்றான். "உள்ள போயிட்டேன்னா நீ மறுபடி அலையணும். கால் வேற ஒனக்குப் புண்ணு." பங்குனியும் சித்திரையும் அப்படியே போயின. பகலில் அனல் காற்று உப்பளத்தின் மேலாக வந்து அவன் முகத்தில் அடித்தது. நிழல் நகர நகர அவள் கட்டிலை நகர்த்தினாள். வேலைக்குப் போகும் நாளில் எட்டியப்பன் பெண்டாட்டி நகர்த்தினாள். வீட்டுக்குள்ளே மின்விசிறி சும்மா தொங்கியது.

வைகாசியில் ஒருநாள் ஓவர்சீயர் தேவநாதன் பைக்கில் வந்து இறங்கினார். சென்னையிலிருந்து ஒரு பெரிய மேடம் இந்தக் குடியிருப்பைப் பார்க்க வருகிறார், கிளம்பிவிட்டார், வந்துகொண்டே இருக்கிறார் என்று வரிசை வீடுகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர் கட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? வீடு கட்டிக் குடுத்தா ஆள வெயில்ல போட்டு வச்சிருக்கீங்க?"

"உள்ள சாவக் கூடாது சார்."

"யாரும்மா சாவறது? அப்படியெல்லாம் பேசாதீங்க." அவர் குனிந்து ராஜவேலின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "சுடுது பாருங்க. மனுஷன் பொரிஞ்சு போயிட்டார்."

"எங்க வழக்கம் சார். உள்ள போயிட்டா நாங்க அந்த வூட்டுல இருக்க மாட்டோம்."

"வீட்டுல இருக்க மாட்டீங்களா?" அவருடைய முகம் மாறியது. "ஏம்மா, குடியிருக்கலன்னு எழுதினா வீட்டைக் கேன்சல் பண்ணிடுவாங்க, தெரியுமில்ல? நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். மேடம் வந்து இதைப் பாத்தா என்ன நெனைப்பாங்க? எனக்கு மெமோ, உங்களுக்கு வீடு போச்சு. பிடிங்க அந்தப் பக்கம்."

அவர் கெட்டவர் இல்லை. கட்டிலின் தலைமாட்டை அவரே பிடித்தார், சட்டையில் அழுக்கு ஆவதைப் பற்றிக் கவலைப்படாமல். எட்டியப்பன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தரையைப் பார்த்தாள். அவன் கால்மாட்டைப் பிடித்தான். கட்டில் வாசலில் இடித்துக்கொண்டு உள்ளே போனது. ஓவர்சீயர் மின்விசிறியைப் போட்டார். ராஜவேலுக்குப் பக்கத்தில் மங்கம்மாவை நிற்க வைத்து போனில் படம் எடுத்தார். எந்த இடத்தில் எடுத்தது என்பது படத்திலேயே பதிவாகிவிடும் என்று விளக்கினார். "கொஞ்சம் சிரிங்கம்மா."

மேடம் வரவில்லை. வெயில் சாயத் தொடங்கியதும் ஓவர்சீயர் கிளம்பினார். "சாயந்தரம் வரைக்கும் உள்ளயே இருக்கட்டும். திடீர்னு வந்து நிப்பாங்க."

பைக் சத்தம் மறைந்ததும் மங்கம்மா, "எட்டியப்பா" என்று குரல் கொடுக்க வாயைத் திறந்தாள்.

"இருடி" என்றான் ராஜவேல்.

"என்ன?"

"காத்து நல்லா வருது. கொஞ்ச நேரம்."

அவள் அவனைப் பார்த்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக அந்த முகத்தில் இறுக்கம் தளர்ந்திருந்தது.

"கீழ எறக்கி வுடு. தரை குளுகுளுன்னு இருக்கும்."

அவளே அக்குளில் கைகொடுத்து இறக்கினாள். எடை என்று ஒன்றுமில்லை. அவன் டைல்ஸ் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டான். உள்ளங்கையை விரித்துத் தரையில் பதித்தான். "சேட்டு வூட்டுல இப்படித்தான் இருக்கும் போல" என்றான். கொஞ்ச நேரம்தானே என்று அவள் நினைத்தாள். அப்போது தண்ணீர் லாரியின் ஹாரன் கேட்டது. அது வாரத்துக்கு ஒருமுறை வருவது, ஆளுக்காகக் காத்திருக்காது. இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ராஜவேல் அப்படியே கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்திருந்தான். குடங்களை இறக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குடத்தை இறக்கும் சத்தத்துக்கு அவன் எப்போதும் கண்ணைத் திறப்பான்.

அவள் அழவில்லை. அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்து வாசல் பக்கம் இழுத்தாள். தரை வழுவழுப்பாக இருந்ததால் சுலபமாக வந்தான். தலை நிலைப்படியைத் தாண்டிவிட்டது. அந்த நேரம் எட்டியப்பன் ஈரக் காலோடு வந்து நின்றான். பார்த்ததும் அப்படியே குந்திவிட்டான். ரொம்ப நேரம் அண்ணன் தலையைத் தடவிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டான்:

"எங்க அண்ணி போனாரு?"

வெளியே என்று ஒரு சொல் சொன்னால் போதும். எட்டியப்பன் நம்பியிருப்பான். நம்ப விரும்பினான். ஆனால் எங்கே செத்தோம் என்பது ராஜவேலுக்குத் தெரியுமே. ஊரை ஏமாற்றலாம், அவன் எந்த இடத்தைத் தேடி வருவான் என்பதை மாற்ற முடியாதே.

"உள்ள" என்றாள்.

ஊர்ச் சுடுகாடு ஊர்க்காரர்களுக்கு. அவர்கள் ராஜவேலைக் கழுவெளி மேட்டில் புதைத்தார்கள். மூன்றாம் நாள் காலையில் ஆண்கள் வீட்டு வாசலில் கூடி அண்ணாந்து பார்த்தார்கள். கூரையிலிருந்து ஒரு பிடி ஓலை உருவ வேண்டும். கான்கிரீட்டில் எதை உருவுவது?

"கடப்பாரையால ஒரு ஓரமா நெம்பிப் பாப்பமா?" என்றான் செந்தமிழின் புருஷன்.

"டேய், கவர்மெண்டு சொத்துடா. கேஸ் போட்டுருவான்."

"பெயிண்டைச் சொரண்டி எடு போதும்."

"பெயிண்டு கூரையாடா?"

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கூரையின் உப்புப் பூத்த ஓரத்திலிருந்து ஒரு சில்லுச் சிமெண்டு தானாகப் பெயர்ந்து விழுந்தது. ஒருவன் சிரித்துவிட்டான். "பிடுங்கவே வேணாம்பா. அதுவே விழுவுது." எட்டியப்பன் அதை எடுத்துத் தெற்கே எறிந்தான். எல்லோரும் மங்கம்மா பானையைத் தூக்குவதற்காகக் காத்திருந்தார்கள்.

அவள் நிலைப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, எழுந்திரு. அளத்து மேட்டுல எடம் பாத்து வச்சிருக்கோம். ஓல வந்துடுச்சி."

"நான் வரல."

"என்ன பேசற?"

"வந்தா வூடு போயிடும்."

"போவட்டும். எத்தன வூடு போச்சு நமக்கு!"

"அதான் எட்டியப்பா. எல்லாம் போச்சு. ஒன்னு இருக்கட்டும்."

எட்டியப்பன் குரலைத் தாழ்த்தினான். "ஒங்கம்மா செத்தப்ப அந்த மில்லு ரூம்புல கெடந்தியே, மறந்துட்டியா? நானும் பக்கத்து ரூம்புலதான இருந்தேன். ராத்திரியில நீ பேசறது கேக்கும். அப்ப நம்மள பூட்டி வச்சிருந்தான். இப்ப எவன் அண்ணி பூட்டி வச்சான் ஒன்ன?"

"யாரும் பூட்டல. அதனாலதான் இருக்கேன்."

அவனுக்கு அது விளங்கவில்லை. அவளுக்கும் சொல்லி விளங்கவைக்கத் தெரியவில்லை. ஆண்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அன்று அவள் அடுப்பு மூட்டினாள். அந்தச் சோற்றை வரிசையில் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. பேத்தி கையை நீட்டினாள், செந்தமிழ் பிள்ளையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை. அது அவர்கள் பழக்கமில்லை. சாயங்காலம் அவள் வீட்டைத் தாண்டிப் போகிறவர்கள் கொஞ்சம் விலகிப் போனார்கள், அவ்வளவுதான். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும்போது அந்தப் பக்கம் சத்தமாகப் பேசாமல் போவது போல. ஆடியில் பேத்திக்குக் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டுக் குறைந்தது, மறுபடி வந்தது. செந்தமிழ் புருஷன் பழைய வழக்கமெல்லாம் சும்மா என்று பேசுகிறவன், ரெண்டாவது காய்ச்சலுக்குப் பிறகு பேச்சை நிறுத்தினான்.

செந்தமிழ் வந்து வாசலிலேயே நின்றாள்.

"யம்மா, நாங்க அளத்து மேட்டுக்குப் போறோம். நீயும் வா."

"புள்ளைக்கி ஒடம்பு சரியில்லாதப்ப எதுக்குடி தார்ப்பாய்க்குக் கீழ போற? இங்கன்னா சுவரு இருக்குது."

"சுவரு ஈரமாக் கெடக்குது. தொட்டுப் பாரு. ஒழுவுது. ஒனக்கு மட்டும் எப்படித்தான் இது வூடாத் தெரியுதோ."

"காச்சலுக்கு ஒங்கப்பா காரணமில்ல."

"நான் சொல்லல. ஆனா நீ இங்க இருக்கற வரைக்கும் அவரு போவ மாட்டாரு. அவரு இங்க இருக்கற வரைக்கும் எங்களால இருக்க முடியல. அவ்ளோதான்."

"வூட்டுக்காக ஒங்கப்பன வெயில்ல போட்டேன்டி. அத்தனையும் போட்டுட்டு இப்ப வுட்டுட்டு வான்னா?"

மறுநாள் செந்தமிழ் வீட்டில் கதவு மூடியிருந்தது.

ஐப்பசி மழையில் கழுவெளி நிரம்பி எல்லா வீட்டுக்குள்ளும் கணுக்கால் தண்ணீர் வந்தது. அதைச் சாக்காக வைத்து மீதிப் பேர் போனார்கள். கடைசியாக எட்டியப்பன் போனான். மங்கம்மா கட்டிலின் மேல் உட்கார்ந்து தண்ணீர் வடியும்வரை இருந்தாள். வடிந்த பிறகு சேற்றைத் தள்ளிக் கழுவினாள். வரிசையில் ஒரே விளக்கு எரிந்தது.

மார்கழியில் தேவநாதன் வந்தார். ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றார். அவருக்கு நிஜமாகவே வருத்தம்.

"ஏம்மா இப்படிப் பண்றீங்க நீங்கள்லாம்? எத்தன ஆபீஸ் ஏறி இறங்கி இத வாங்கினோம் தெரியுமா?"

"தண்ணி வந்துடுச்சி சார்."

"தண்ணி வந்தா வடியும். வீட்ட விட்டா போவாங்க?" அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எல்லாத்தையும் கேன்சல் பண்ண உத்தரவு. இன்னொன்னு சொல்றேன். பக்கத்து ஏரிக்கரையில தார்ப்பாய் போட்டு ஒரு கூட்டம் இருக்குல்ல, உங்காளுங்க, அவங்களுக்கு அடுத்த வருஷம் வீடு வர்றதா இருந்துச்சு. அதுவும் நின்னுபோச்சு. கட்டிக் குடுத்தாலும் இவங்க இருக்க மாட்டாங்கன்னு மேல எழுதிட்டாங்க."

அந்த ஏரிக்கரைக் கூட்டத்தில் எட்டியப்பன் பெண்டாட்டியின் அக்கா குடும்பம் இருந்தது. பெயர் தெரியாத பிள்ளைகள் நிறைய.

"நான் இருக்கேனே சார்."

"நீங்க இருக்கீங்கம்மா. அதனால உங்க வீட்டுக்கு ஒன்னும் ஆவாது. நான் பாத்துக்கறேன்." அவர் போனை எடுத்தார். "வாசல்ல நில்லுங்க, ஒரு படம்."

அவர் போன பிறகு அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டு அளத்து மேட்டுக்குப் போனாள். மத்தியான வெயில். பாத்திகளில் மழைத் தண்ணீர் நின்றது. புதுக் குடிசைகள் பச்சை ஓலையோடு இருந்தன. குழந்தைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பேத்திக்கு உடம்பு தேறியிருந்தது, தூரத்திலிருந்தே தெரிந்தது. எட்டியப்பன் எழுந்து வரப்பு வரை வந்தான். அதற்கு இந்தப் பக்கம் அவள் நின்றாள்.

"நான் வந்துடறேன் எட்டியப்பா."

பீடியைக் காலில் தேய்த்து அணைத்தான்.

"மூணாம் நாளு கூப்புட்டேன் அண்ணி."

"தப்புதான்."

"தப்பு ரைட்டு இல்ல. அப்ப வந்திருந்தா அவருக்கு வூடு காலியாத் தெரிஞ்சிருக்கும். இப்ப ஏழு மாசமா நீ சோறு ஆக்கற, கூட்டற, வெளக்கு ஏத்தற. அவரு ஒன்கூட இருக்காரு. நீ எங்க போனாலும் பொண்டாட்டி கெளம்பறான்னு பின்னாலயே வருவாரு. இங்க பச்சப் புள்ளைங்க இருக்குது."

"அப்ப நான் என்னா பண்றது?"

எட்டியப்பன் வானத்தைப் பார்த்தான், பாத்தித் தண்ணீரைப் பார்த்தான். "எனக்குத் தெரியல அண்ணி. இப்படி யாரும் இருந்ததில்லையே, கேட்டுத் தெரிஞ்சிக்க."

செந்தமிழ் ஒரு தூக்குச் சட்டியில் குழம்பு கொண்டுவந்து வரப்பு மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். மங்கம்மா எடுத்துக்கொண்டாள்.

தை பிறந்து அளத்தில் வேலை தொடங்கியது. காலி வீடுகளைப் பற்றி சேட்டு யாரிடம் பேசினாரோ, பங்குனியில் அவற்றில் உப்பு மூட்டை அடுக்கத் தொடங்கினார்கள். டைல்ஸ் தரை, இரும்புக் கதவு. "நல்ல கட்டடம்தான்" என்றார் சேட்டு. "ஏ மங்கம்மா, நீ இங்கதான இருக்க, ராத்திரி காவலும் பாத்துக்க." மூட்டை சுமக்கிறவர்களில் மங்கம்மாவும் இருந்தாள். செந்தமிழின் வீட்டுக்குள் தலையிலிருந்து மூட்டையை இறக்கும்போது சுவரில் பேத்தி கரியால் கிறுக்கிய கோடுகள் தெரிந்தன. அடுத்த நடையில் அவற்றுக்கு முன்னால் மூட்டை ஏறிவிட்டது.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து கால் கழுவினாள். அடுப்பு மூட்டவில்லை. சுவரில் சாய்ந்து, மின்விசிறிக்குக் கீழே அவன் படுத்திருந்த இடத்துக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவர்கள் கூட்டத்தில் யாரும் செத்தவரிடம் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அதைச் சொல்லாமல் சொல்லத்தான் இத்தனை தலைமுறை வீடு வீடாக விட்டுப் போனது. எப்படித் தொடங்குவது என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"ந்தா" என்றாள். "ஒன்னத்தான்."

பக்கத்து வீட்டில் கடைசி மூட்டையை யாரோ போட்டுவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார்கள்.

"நீ செத்துட்ட. போன வைகாசியில. தண்ணி லாரி வந்துச்சே, அப்ப. நான் கொடம் எடுத்துட்டுப் போயிருந்தேன்."

தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"நான் இங்க இருக்கறதால நீயும் இருக்கறன்னு நெனைக்காத. நான் வூட்டுக்காக இருக்கேன். ஒனக்காக இல்ல. புரியுதா?"

மறுநாளும் உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவியதும், முதலிலிருந்து மறுபடியும் சொன்னாள்.